ஜிம்முக்கு டாக்டர் சீட்டு கேட்கிறார்கள், பிபிக்கு யாரைப் பார்ப்பது?

பெரம்பூர்க்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். வயது 44, எடை 89 கிலோ. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் வேலை, காலையில் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பேன். மூன்று வருடத்துக்கு முன்னால் ஆபீஸில் மெடிக்கல் கேம்ப் போட்டபோது பிபி 150/100 என்று சொல்லி, அங்கே வந்திருந்த டாக்டர் டெல்மிசார்டன் 40 எழுதிக் கொடுத்தார். அன்றிலிருந்து அதே மாத்திரைதான். சீட்டு எங்கே போனதென்று தெரியாது, காலியான அட்டையைக் காட்டினால் மெடிக்கல் ஷாப்பில் கொடுத்துவிடுகிறார்கள். திட்ட வேண்டாம், தப்பு என்று எனக்கே தெரியும்.

போன மாதம் வீட்டுப் பக்கத்து ஜிம்மில் ஆறு மாதத்துக்குப் பணம் கட்டிச் சேர்ந்தேன். படிவத்தில் ரத்த அழுத்தம் உண்டா என்ற இடத்தில் உண்மையை எழுதித் தொலைத்தேன். டாக்டரிடம் எழுதி வாங்கி வந்தால்தான் வெயிட் பக்கம் விடுவேன், அதுவரை ட்ரெட்மில்லில் மெதுவா நடங்க சார் என்று ட்ரெயினர் தம்பி சொல்லிவிட்டான். அவன் சொன்னது சரிதான், ஆனால் அந்த ஒரு சீட்டுக்கு நான் பட்ட பாடு இருக்கிறதே.

முதலில் தெருமுனை கிளினிக். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் அங்கேதான் ஓடுவோம், நல்ல மனிதர். மாடிப்படி ஏறி மூச்சு வாங்க நான் உட்கார்ந்த அடுத்த நிமிடமே, முழுக்கைச் சட்டைக்கு மேலேயே பட்டையைச் சுற்றி, எந்த ஏரியாவில் வேலை, பையன் என்ன படிக்கிறான் என்று பேசிக்கொண்டே பார்த்தார். 164/104. "ஜிம்மெல்லாம் வேணாம், வாக்கிங் போங்க" என்று சொல்லி அம்லோடிபின் 5 சேர்த்து எழுதினார். உள்ளே போய் வெளியே வர இரண்டு நிமிடம் ஆகியிருக்கும்.

சரி என்று அடுத்து ஒரு பெரிய ஆஸ்பத்திரி, பெயர் வேண்டாம். ரிசப்ஷனிலேயே ஹார்ட் பேக்கேஜ் என்று ஓர் அட்டையை நீட்டினார்கள். ஈசிஜி, எக்கோ, ட்ரெட்மில்லில் ஓட விட்டு இதயத்தைப் பார்க்கிற டிஎம்டி, இருபத்துச் சொச்சம் ரத்தப் பரிசோதனை. டாக்டரைப் பார்த்துவிட்டு அவர் சொன்னால் எடுக்கிறேனே என்றேன். "இல்ல சார், ரிப்போர்ட் இருந்தாத்தான் டாக்டர் பார்ப்பாரு." எழுந்து வந்துவிட்டேன்.

இப்போது சொல்லுங்கள், நான் பார்க்க வேண்டியது சாதாரண எம்.டி. டாக்டரையா, இதய டாக்டரையா, இல்லை விளையாட்டு மருத்துவம் என்று ஒன்று இருக்கிறதாமே, அவரையா? அப்பாவுக்கு 62 வயதில் அட்டாக் வந்து ஸ்டென்ட் வைத்தோம், அதனால் வீட்டில் பயப்படுகிறார்கள். எனக்கு சுகர் இல்லை, சிகரெட் இல்லை. டாக்டர் பெயரெல்லாம் வேண்டாம், எப்படித் தேர்ந்தெடுப்பது என்று சொன்னால் போதும். அந்தப் புது மாத்திரையை வாங்கி வைத்திருக்கிறேன், இன்னும் போடவில்லை.


அடையாறு ஆலமரம்:

நேராகக் கார்டியாலஜிஸ்ட்டைப் பாருங்கள், இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை. என் மச்சான் 46 வயது, பிபி இருந்தது, யாரிடமும் காட்டாமல் ஷட்டில் விளையாடப் போனார், மூன்றாவது வாரம் கோர்ட்டிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பிழைத்துக்கொண்டார், ஆனால் இன்றைக்கும் யாராவது ராக்கெட்டைத் தோளில் மாட்டிக்கொண்டு போனால் அக்கா முகம் மாறிவிடும். பேக்கேஜுக்குப் பணம் போகிறது என்று பார்க்காதீர்கள். அப்பாவுக்கு வேறு ஸ்டென்ட் இருக்கிறது என்கிறீர்கள்.


வார்டு சிஸ்டர்:

தம்பி, நான் சென்னையில் ஓர் அரசு மருத்துவமனையில் மெடிசின் வார்டில் இருபது வருடத்துக்கு மேலாக நர்ஸ். டாக்டர் இல்லை, அதனால் எந்த மாத்திரை எவ்வளவு என்று என்னிடம் கேட்காதீர்கள். ஆனால் யார் எந்தக் கதவைத் தட்டாமல் விட்டதால் எங்கள் கட்டிலுக்கு வந்தார்கள் என்பதைத் தினமும் பார்க்கிறவள்.

முதலில் அந்த 164/104ஐ மறந்துவிடுங்கள். படி ஏறி வந்ததும் பார்த்தது, சட்டைக்கு மேல் சுற்றியது, பேசிக்கொண்டே இருந்தது, ஒவ்வொன்றும் எண்ணை ஏற்றிக் காட்டும். அதோடு 89 கிலோ ஆளுக்குப் புஜம் தடிமனாக இருக்கும், சின்னப் பட்டையைச் சுற்றினால் அதுவும் கூட்டித்தான் காட்டும். வீட்டில் ஒரு டிஜிட்டல் மெஷின் வாங்குங்கள், மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம், புஜத்தில் சுற்றுவது. கடையில் வாங்கும்போதே டேப்பால் புஜத்தின் சுற்றளவைப் பார்த்து, பட்டையில் போட்டிருக்கிற சென்டிமீட்டருக்குள் வருகிறதா என்று பார்த்து வாங்குங்கள். இதை யாரும் செய்வதில்லை. எங்கள் வார்டிலேயே பெரிய பட்டை எங்கே என்று ஒருவர் தேடிக்கொண்டே இருப்போம்.

காபி குடித்து அரை மணி ஆகியிருக்கட்டும். பாத்ரூம் போய்விட்டு வந்து, முதுகைச் சாய்த்து, இரண்டு பாதமும் தரையில் படும்படி, காலைக் குறுக்கே போடாமல் ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். சும்மா என்றால் போன் இல்லாமல். வெறும் கையில் பட்டையைச் சுற்றி, கையை மேசையில் நெஞ்சு உயரத்துக்கு வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை பாருங்கள். காலையில் மாத்திரைக்கு முன்னால், அப்புறம் ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால். ஒரு வாரம் நோட்டில் எழுதுங்கள். முதல் நாள் எண்களை விட்டுவிட்டு மீதி ஆறு நாளுக்குச் சராசரி போடுங்கள், அக்கவுண்ட்ஸ்காரருக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. கிளினிக்கில் 140/90 என்பது எப்படிக் கோடோ, வீட்டில் 135/85 அப்படி. நடுவில் எப்போதாவது 180/110 என்று வந்து, கொஞ்சம் பொறுத்துப் பார்த்தாலும் அப்படியே நின்றால் ஜிம் பேச்சை விட்டுவிட்டு முதலில் டாக்டரிடம் போங்கள். அதோடு நெஞ்சு வலியோ, மூச்சுத் திணறலோ, பேச்சுக் குழறலோ, ஒரு பக்கக் கை கால் மரத்துப் போவதோ இருந்தால் 108, வேறு யோசனையே கூடாது.

இப்போது யாரைப் பார்ப்பது என்ற கேள்விக்கு வருகிறேன். பெயருக்குப் பின்னால் எம்.டி. ஜெனரல் மெடிசின் என்று போட்டிருப்பவர்தான் உங்களுக்கு முதல் டாக்டர். டி.என்.பி. ஜெனரல் மெடிசின் என்றிருந்தாலும் சரி. பிபி ஒரு தனி உறுப்பின் நோய் இல்லை, கிட்னி, இதயம், கண், மூளை என்று எல்லா இடத்திலும் கை வைக்கும். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கப் படித்தவர் அவர். இதய டாக்டர் எப்போது வேண்டும் என்றால், மாடி ஏறும்போது நெஞ்சு இறுகுகிறது, முன்பு நடந்த தூரத்தை இப்போது நடந்தால் மூச்சு வாங்குகிறது, மயங்கி விழுந்திருக்கிறீர்கள், ஈசிஜியில் மாற்றம் இருக்கிறது, இப்படி ஏதாவது இருந்தால். குடும்பத்தில் சின்ன வயதில் அட்டாக் என்றாலும் உஷாராக இருக்க வேண்டும், ஆனால் சின்ன வயது என்று டாக்டர்கள் கணக்கில் எடுப்பது ஆண்களில் 55க்கு முன், பெண்களில் 65க்கு முன். உங்கள் அப்பா அதைத் தாண்டியவர். டாக்டரிடம் அதைச் சொல்லத்தான் வேண்டும், அதற்காக இன்று ராத்திரி தூக்கம் கெட வேண்டியதில்லை. சிறுநீரில் புரதம், கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று ரத்தத்தில் காட்டுகிற கிரியேட்டினின் கூடுதல், மூன்று மாத்திரை முழு அளவில் போட்டும் இறங்காத பிபி, இதெல்லாம் இருந்தால் அந்த எம்.டி.யே கிட்னி டாக்டரிடமோ ஹார்மோன் டாக்டரிடமோ அனுப்புவார். அனுப்பத் தெரிந்தவரா என்பதுதான் எனக்கு முக்கியம்.

நல்ல டாக்டர் என்று எதை வைத்துச் சொல்வது என்றால், நான் பார்த்த வரையில் அவர் உங்கள் நோட்டை வாங்கிப் புரட்டுவார். முதல் தடவை இரண்டு கையிலும் பிபி பார்ப்பார். குறட்டை விடுவீர்களா, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், நாட்டு மருந்து ஏதாவது உண்டா, ஊறுகாய் அப்பளம் எவ்வளவு என்று கேட்பார். ஜிம்மில் என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்பார், கேட்காமலே வேண்டாம் என்று சொல்கிறவருக்கு அதைப் பற்றித் தெரியாது என்று அர்த்தம். கிரியேட்டினின், பொட்டாசியம், சுகர், கொழுப்பு, சிறுநீர், ஒரு ஈசிஜி, முதல் ரவுண்டுக்குப் பெரும்பாலும் இவ்வளவுதான். மூன்று வருடமாக டெல்மிசார்டன் போடுகிறீர்கள், ஒரு தடவையாவது கிரியேட்டினினும் பொட்டாசியமும் பார்த்தீர்களா? பார்த்திருக்க மாட்டீர்கள்.

விளையாட்டு மருத்துவம் என்று போரூர் ராமச்சந்திராவில் தனி சென்டரே இருக்கிறது, நல்ல விஷயம்தான். முட்டி, தோள் பழைய காயம் இருந்தாலோ மாரத்தான் ஓடப் போகிறீர்கள் என்றாலோ அங்கே போகலாம். உங்களுக்கு இப்போது தேவையில்லை.


அடையாறு ஆலமரம்:

சிஸ்டர், மரியாதையோடு சொல்கிறேன், டிஎம்டி ஒன்று எடுத்துவிட்டால் மனசுக்கு நிம்மதி இல்லையா? என் மச்சானுக்கு அது முன்னாலேயே எடுத்திருந்தால் தெரிந்திருக்குமே.


வார்டு சிஸ்டர்:

தெரிந்திருக்கலாம், தெரியாமலும் போயிருக்கலாம். உங்கள் மச்சானுக்கு முன்கூட்டியே ஏதாவது தொந்தரவு இருந்ததா என்று கேட்டுப் பாருங்கள். படி ஏறும்போது தாடை வலித்தது, கேஸ் என்று நினைத்து இஞ்சி மரப்பா வாங்கிச் சாப்பிட்டேன், இந்தக் கதையை நான் எத்தனை பேரிடம் கேட்டிருக்கிறேன். அப்படிப்பட்டவருக்கு டிஎம்டி என்ன, அதற்கு மேலும் பார்க்கத்தான் வேண்டும். எந்தத் தொந்தரவும் இல்லாதவரை ஓட விட்டால் சில பேருக்கு இல்லாத அடைப்பை இருக்கிற மாதிரி காட்டும், அப்புறம் ஆஞ்சியோ வரைக்கும் போய், ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு வருவார்கள். அதற்குள் வீட்டில் எல்லோரும் பாதி உயிர். மெதுவாக நடப்பதற்கு யாருக்கும் டிஎம்டி தேவையில்லை. நாற்பதுக்கு மேல் திடீரென்று வேகமாக ஓடவோ ஷட்டில் ஆடவோ போகிறவருக்கு எடுப்பதா வேண்டாமா என்பதை அவரை நேரில் பார்க்கிற டாக்டர் சொல்லட்டும். ரிசப்ஷன் அட்டை சொல்லக் கூடாது.


மெரினா நடை:

எனக்கு 57. பதினொரு வருடமாக பிபி, ஆறு வருடமாக உழைப்பாளர் சிலையிலிருந்து லைட்ஹவுஸ் வரை காலை நடை. சிஸ்டர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நீங்கள் போடுகிற மாத்திரையும் நீங்கள் செய்கிற உடற்பயிற்சியும் ஒன்றுக்கொன்று எப்படிப் போகும் என்று சொல்லத் தெரிந்தவரைத்தான் தேட வேண்டும். எனக்கு அது மூன்றாவது டாக்டரிடம்தான் கிடைத்தது.

முதல் டாக்டர் அட்டெனலால் கொடுத்திருந்தார். நான் பையன் வாங்கிக் கொடுத்த வாட்ச்சைக் கட்டிக்கொண்டு, இதயத் துடிப்பு 130 வர வேண்டும் என்று எங்கேயோ படித்துவிட்டு, வேகமாக, இன்னும் வேகமாக நடந்தேன். வாட்ச்சில் 98க்கு மேல் ஏறவே இல்லை. கண்ணகி சிலைப் பக்கம் ஒரு நாள் தலை கிறுகிறுத்து மணலில் உட்கார்ந்துவிட்டேன், சுண்டல் விற்கிற அம்மா தண்ணீர் கொடுத்தார். அந்த வகை மாத்திரை துடிப்பை ஏற விடாமல் பிடித்து வைக்கும், அதனால் வாட்ச் கணக்கு செல்லாது, நடக்கும்போது பேச முடிய வேண்டும் ஆனால் பாட முடியக் கூடாது, அந்த வேகம் போதும் என்று மூன்றாவது டாக்டர் ஒரே வாக்கியத்தில் சொன்னார். முதல் இரண்டு பேரும் நான் நடக்கிறேனா என்றே கேட்டதில்லை.

இரண்டாவது டாக்டர் நீர் பிரியும் மாத்திரை சேர்த்தார். மாத்திரை நல்ல மாத்திரைதான், ஆனால் கத்திரி வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு ஏழரை மணிக்கு மேல் நடந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? கெண்டைக்கால் பிடித்து இழுத்தது. சோடியம் குறைந்திருந்தது. இப்போது ஏப்ரல், மே என்றால் ஐந்தரைக்கே இறங்கிவிடுகிறேன், ஆறரைக்கு வீடு. சட்டென்று நிற்பதில்லை, கடைசிப் பத்து நிமிடம் ஆற அமர நடந்துவிட்டுத்தான் காருக்குப் போவேன், இல்லையென்றால் நின்றதும் பிபி கீழே இறங்கித் தள்ளாடும்.

அப்புறம் இளநீர். பீச்சில் நடந்துவிட்டு எல்லோரும் குடிக்கிறோம், தப்பில்லை. ஆனால் டெல்மிசார்டன் போடுகிறவருக்கு உடம்பில் பொட்டாசியம் தங்கும், இளநீரில் பொட்டாசியம் அதிகம், கிட்னி சரியாக இருந்தால் ஒன்று குடிக்கலாம், இல்லையென்றால் டாக்டரைக் கேட்க வேண்டும். உப்பைக் குறைக்கிறேன் என்று சோடியம் குறைந்த உப்பு பாக்கெட் வாங்குகிறார்களே, அதிலும் சோடியத்துக்குப் பதில் போடுவது பொட்டாசியம்தான். என் மனைவி ஆசையாக வாங்கி வந்ததை டாக்டர் பாக்கெட்டோடு திருப்பி அனுப்பினார்.


தோள்பட்டை:

பிசியோதெரபிஸ்ட் பேசுகிறேன், அண்ணா நகரில். உங்கள் ட்ரெயினருக்கு என் சார்பில் ஒரு டீ வாங்கிக் கொடுங்கள் ப்ரோ. பாதிப் பேர் படிவத்தையே கேட்பதில்லை.

பிபி இருக்கிறவர் வெயிட் தூக்கலாம். தூக்கக் கூடாது என்பது பழைய பயம். பிரச்சினை மூச்சில். கனமானதைத் தூக்கும்போது நம்மையறியாமல் மூச்சை அடக்கி வயிற்றை இறுக்குவோம், அந்த ஒரு சில விநாடியில் பிபி எங்கேயோ போய்விடும். தூக்கும்போது வாய் வழியாக மூச்சு வெளியே போக வேண்டும், இறக்கும்போது உள்ளே. பன்னிரண்டிலிருந்து பதினைந்து தடவை சிரமப்படாமல் தூக்க முடிகிற எடையில் ஆரம்பியுங்கள். ஒரே தடவையில் எவ்வளவு தூக்க முடியும் என்று பார்க்கிற போட்டியில் சேராதீர்கள். தலை கீழே தொங்குகிற மாதிரி பெஞ்சில் படுப்பதும் இப்போதைக்கு வேண்டாம்.

டாக்டரிடம் பெரும்பாலானவர்கள் சொல்லாமல் விடுகிற இரண்டு விஷயம் இருக்கிறது, நீங்கள் சொல்லிவிடுங்கள். ஒன்று, ஜிம்மில் பக்கத்து ஆள் கொடுக்கிற பவுடர். உடற்பயிற்சிக்கு முன்னால் கலக்கிக் குடிப்பதில் கஃபீன் ஏகத்துக்கும் இருக்கும். டப்பாவைப் போட்டோ எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டுங்கள். இரண்டாவதுதான் எனக்கு ரொம்பக் கோபம் வருகிற விஷயம். முதல் வாரம் ஜிம்முக்குப் போனால் உடம்பெல்லாம் வலிக்கும். நேராக மெடிக்கல் ஷாப், டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென், நான்கு நாள் காலை மாலை. இவை பிபியை ஏற்றும், பிபி மாத்திரையின் வேலையைக் கெடுக்கும், டெல்மிசார்டன், நீர் மாத்திரை இரண்டோடும் சேர்ந்தால் கிட்னியில் கை வைக்கும். உடற்பயிற்சி செய்தும் பிபி ஏறுகிறதே சார் என்று என்னிடம் வந்த ஒருவரிடம் பையைக் காட்டச் சொன்னேன், ஒரு முழு அட்டை வலி மாத்திரை. வலித்தால் இரண்டு நாள் விடுங்கள், வெந்நீரில் குளியுங்கள், அடுத்த தடவை எடையைக் குறையுங்கள். தாங்காத வலி என்றால் பாரசிட்டமால் போடலாமா என்று டாக்டரைக் கேளுங்கள்.

ஒழுங்காக நடந்தோ சைக்கிள் ஓட்டியோ வந்தால் பிபி உள்ளவருக்கு மேல் எண் சுமார் 5 முதல் 8 வரை இறங்கும். ஒரு மாத்திரை செய்கிற வேலையில் கணிசமான பங்கு அது. வாரத்துக்கு 150 நிமிடம், ஒரே நாளில் முடித்துவிட்டு ஆறு நாள் படுக்கக் கூடாது.


புளியந்தோப்பு:

எல்லோரும் பிரைவேட்டே பேசுகிறீர்கள். பெரம்பூரில் இருந்துகொண்டு என்ன அலைச்சல்? மாநகராட்சி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் ஏதாவது ஒன்று நடக்கிற தூரத்தில் இருக்கும், பிபி, சுகர் பார்ப்பதற்கென்றே அங்கே ஆள் உண்டு, மாத்திரை இலவசம். எங்கள் அம்மாவுக்கு மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து பிபி பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார்கள், 2021இல் ஆரம்பித்தபோது நம்பவில்லை, இப்போது அந்த அக்கா வர இரண்டு நாள் தாமதமானால் அம்மா தெருவை எட்டி எட்டிப் பார்க்கிறார். பெரிய டாக்டர் வேண்டும் என்றால் கீழ்ப்பாக்கம், ஸ்டான்லி, சென்ட்ரலுக்கு எதிரே ஜி.ஹெச்., எல்லா இடத்திலும் மெடிசின் ஓபி உண்டு. கொளத்தூர் பெரியார் நகரிலும் 2025இல் புது ஆஸ்பத்திரி திறந்திருக்கிறார்கள், உங்களுக்குப் பக்கம். காலையில் சீக்கிரம் போங்கள், ஆதார், பழைய சீட்டு எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு அரை நாள் போகும், அதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். ஜிம் சீட்டெல்லாம் எழுதித் தருவார்களா என்பது கூட்டத்தைப் பொறுத்தது, கேட்டால்தான் தெரியும்.


பெரம்பூர்க்காரன்:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். மார்ச் மாதக் கணக்கு முடிப்பு.

சிஸ்டர் சொன்னபடி மெஷின் வாங்கினேன். டேப்பால் புஜத்தை அளந்தால் 36 சென்டிமீட்டர், கூடவே வந்த பட்டை 32 வரைதான். பெரிய பட்டை தனியாக வாங்க வேண்டியிருந்தது. ஒரு வாரம் நோட்டில் எழுதிச் சராசரி போட்டால் 143/92. தெருமுனையில் வந்த 164 இல்லை, ஆனால் ஒன்றுமில்லை என்று சந்தோஷப்படவும் முடியாது.

அயனாவரத்தில் ஒரு சந்துக்குள் ஒரு டாக்டரம்மா, எம்.டி. ஜெனரல் மெடிசின், சாயங்காலம் ஆறு முதல் ஒன்பது. ஆபீஸில் ஒருவர் சொன்னார். சீட்டில் பதிவு எண் இருக்கிறதா என்று பார்த்தேன், இருந்தது. டோக்கன் கையால் எழுதிய அட்டை, எனக்கு 14. எட்டே காலுக்குத்தான் கூப்பிட்டார்கள், உள்ளே போனதும் முதலில் ஓர் ஓரமாக உட்கார வைத்துவிட்டு 15ஆம் ஆளைப் பார்த்தார். எனக்குக் கோபம். அப்புறம்தான் புரிந்தது, படி ஏறி வந்தவனை ஆற விட்டிருக்கிறார். சட்டைக் கையைச் சுருட்டச் சொன்னார், அது புஜத்தை இறுக்கியது, கழற்றுங்க என்றார். வலது 148, இடது 144. இனிமேல் வலதிலேயே பாருங்க என்றார்.

நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். வியாழக்கிழமை ராத்திரி மட்டும் ஏன் 156 என்று கேட்டார். யோசித்தேன், அன்றைக்கு ஆபீஸில் பிரியாணி, சரியாகத் தூங்கவும் இல்லை. குறட்டை உண்டா என்றார். நான் இல்லை என்று சொல்ல வாயெடுக்கும்போதே என் மனைவி, "மேல் வீட்டுக்காரங்களுக்கே கேக்கும் டாக்டர்" என்றாள். அதற்கு ஒரு தூக்கப் பரிசோதனை பிறகு பார்க்கலாம் என்று எழுதி வைத்திருக்கிறார். கிரியேட்டினின் 1.0, பொட்டாசியம் 4.5, சிறுநீரில் புரதம் இல்லை, ஈசிஜி சரி. கொழுப்பு கொஞ்சம் கூட. நெஞ்சு பற்றி ஏழெட்டுக் கேள்வி கேட்டுவிட்டு, இப்போதைக்கு டிஎம்டி வேண்டாம், மூன்று மாதம் கழித்து ஓட ஆரம்பித்தால் யோசிக்கலாம் என்றார். ஆலமரம் சார், உங்கள் மச்சான் கதையையும் சொன்னேன், அவருக்கு முன்னால் ஏதாவது வலி இருந்ததா என்றுதான் அவரும் கேட்டார்.

வேடிக்கை என்னவென்றால், கடைசியில் அவர் சேர்த்து எழுதியது அதே அம்லோடிபின் 5. தெருமுனை டாக்டர் எழுதி நான் பீரோவில் வைத்திருந்த அதே மாத்திரை. வீட்டில் அட்டை இருக்கிறது, வாங்க வேண்டாம் என்று சொன்னபோது அவர் சிரித்தார். ஆனால் ஏன் டெல்மிசார்டனை 80 ஆக்காமல் இதைச் சேர்க்கிறார், கால் வீங்கினால் என்ன செய்ய வேண்டும், காலையா ராத்திரியா (எதுவானாலும் சரி, மறக்காத நேரமாக இருக்க வேண்டும் என்றார்), ஒரு மாதம் கழித்து எந்த எண் வந்தால் சரி, எல்லாம் சொன்னார். பீஸ் 400 ரூபாய்.

ஜிம் சீட்டில் நாலு வரி எழுதினார். வெயிட் செய்யலாம், லேசான எடை, அதிகத் தடவை, மூச்சை அடக்கக் கூடாது, நெஞ்சு வலி, தலைசுற்றல் வந்தால் நிறுத்தி என்னிடம் அனுப்பவும், அன்று காலை வீட்டில் 180/110 இருந்தால் வர வேண்டாம். ட்ரெயினர் தம்பி அதை இரண்டு தடவை படித்துவிட்டு, "சார், இந்த மாதிரி எழுதி யாரும் கொண்டு வந்ததில்ல, எல்லாரும் ஃபிட்னு ஒரு வார்த்தைதான்" என்றான். இரண்டு கிலோ டம்பெல்லில் உட்கார வைத்திருக்கிறான். பக்கத்தில் ஒரு கல்லூரிப் பெண் எட்டு கிலோ தூக்குகிறாள், சரி, பரவாயில்லை.

ஒரு சந்தேகம் சிஸ்டர். பத்து நாளாகச் சாயங்காலம் சாக்ஸைக் கழற்றினால் கணுக்காலில் அந்த வார் பதிந்த தடம் முன்பை விட ஆழமாக இருக்கிறது. டாக்டர் சொன்ன வீக்கம் இதுதானா? மாத்திரையை இரண்டு நாள் நிறுத்திப் பார்க்கலாமா?


வார்டு சிஸ்டர்:

இதற்குத்தானே டாக்டரம்மா போன் நம்பரும் சீட்டும் கொடுத்திருக்கிறார், என்னிடம் ஏன் கேட்கிறீர்கள் தம்பி. நீங்களாக நிறுத்தாதீர்கள். இரண்டு காலிலும் ஒரே மாதிரி, லேசாக, காலையில் எழுந்தால் குறைந்திருக்கிறது என்றால் பெரும்பாலும் அம்லோடிபின் வேலைதான், அவரிடம் சொன்னால் அளவைக் குறைப்பாரோ மாற்றுவாரோ, அது அவர் பாடு. ஒரே ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ சாயங்காலம் ஆறு மணி வரை காத்திருக்கக் கூடாது. இப்போது உட்கார்ந்து கட்டைவிரலால் கணுக்காலுக்கு மேல் பத்து விநாடி அழுத்திப் பாருங்கள், குழி விழுகிறதா, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்த்து அந்த நோட்டிலேயே எழுதிக்கொண்டு போங்கள்.